பாக்டீரியாவுக்கும் வைரஸ் வரும்

ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துவிட்டால் பாளையங்கோட்டையில் எங்கள் லேப்புக்குக் காய்ச்சல்காரர்கள் வரிசையாக வருவார்கள். பலர் சொல்வது ஒன்றுதான்: "வைரஸ் காய்ச்சல்னு டாக்டர் சொல்லிட்டாவ, ஆன்டிபயாடிக் எழுதல. நாங்களே கடையில அசித்ரோமைசின் வாங்கிப் போட்டுட்டோம் மேடம்."

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை அழிக்கும் மருந்து. வைரஸ் அதற்கு அசையாது. இரண்டும் எவ்வளவு வேறு என்பதற்கு நான் சொல்லும் ஆதாரம், பாக்டீரியாவையே வைரஸ் தாக்கும் என்பதுதான். அந்த வைரஸுக்கு ஃபேஜ் என்று பெயர். பாக்டீரியாவின் மேல் உட்கார்ந்து தன் டிஎன்ஏவை, அதாவது மரபுச் செய்தி எழுதியிருக்கும் இழையை, உள்ளே செலுத்தும். சில வகைகள் அரை மணி நேரத்துக்குள் உள்ளேயே பெருகி, பாக்டீரியாவை வெடிக்கவைத்து வெளியே வந்துவிடும்.

இதைச் சமாளிக்கப் பல பாக்டீரியாக்கள் வைத்திருக்கும் ஏற்பாடுதான் கிரிஸ்பர். தாக்குதலில் பிழைத்த பாக்டீரியா, வைரஸின் டிஎன்ஏவில் சுமார் 30 எழுத்து (டிஎன்ஏ இழையின் அடிப்படை அலகுகளை இப்படிச் சொல்வோம்) நீளமுள்ள ஒரு துண்டை எடுத்துத் தன் டிஎன்ஏவுக்குள்ளேயே செருகிக்கொள்ளும். காஸ்1, காஸ்2 என்ற புரதங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. பிறகு அந்தத் துண்டு ஆர்என்ஏ என்ற நகலாகப் படியெடுக்கப்பட்டு, வெட்டும் புரதத்தோடு சேர்ந்து செல்லுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். அதே வைரஸ் மறுபடி நுழைந்தால் எழுத்துகள் பொருந்தும், டிஎன்ஏ வெட்டுப்படும். தான் சேமித்த துண்டையே வெட்டிக்கொள்ளாதா? பல வகைகளில், துண்டுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று எழுத்து அடையாளம் ஒன்று இருந்தால்தான் வெட்டு விழும். அந்த அடையாளம் வைரஸில் இருக்கும், சேமிப்பில் இருக்காது. எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது, இந்த நினைவு அப்படியே வாரிசுகளுக்கும் போய்விடுகிறது என்பதுதான். நமக்கு அம்மை வந்து கிடைத்த எதிர்ப்பு நம்மோடு சரி.

1987இல் ஜப்பானில் இஷினோ என்ற ஆய்வாளரின் குழு, டிஎன்ஏவில் இருக்கும் இந்த விநோத கிரிஸ்பர் வரிசையை முதலில் பார்த்தது ஈ.கோலை என்ற பாக்டீரியாவில். யூரின் கல்ச்சர் (சாம்பிளிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) தட்டில் இளஞ்சிவப்புப் புள்ளிகளாக நான் தினமும் பார்க்கும் அதே கிருமி. ஸ்பெயினில் மொஹிகா என்ற ஆய்வாளர் இதே மாதிரி வரிசையை உப்பளத்து நுண்ணுயிரியில் கண்டார். தூத்துக்குடியின் உப்பளங்களில் தண்ணீர் செக்கச்செவேலென்று மாறுவதும் இப்படி உப்பை விரும்பும் உயிரிகளால்தான். கிரிஸ்பர் வரிசையில் இருக்கும் துண்டுகள் வைரஸிலிருந்து வந்தவை என்று 2005இல் மொஹிகா சொன்னார். 2007இல் தயிர் பாக்டீரியாவை வைத்து அது நிரூபணமானது. மரபணுவை வெட்டும் கருவியாக இதை மாற்றியதற்கு 2020இல் நோபல் கிடைத்தது.

சரி, பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக் கேட்காமல் போவதற்கும் கிரிஸ்பர்தான் காரணமா? இல்லை, பல நேரம் நேர்மாறு. மருந்தை முறியடிக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற வட்ட டிஎன்ஏவில் ஏறி, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகின்றன. பிளாஸ்மிட்டையும் கிரிஸ்பர் வெட்டித் தடுக்கும் என்று 2008இல் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவில் காட்டினார்கள். 2010இல் என்டரோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவை ஆராய்ந்தவர்கள், பல மருந்துக்கும் அடங்காத வகைகளில் கிரிஸ்பர் பெரும்பாலும் இல்லை என்று கண்டார்கள். ஆன்டிபயாடிக் கொட்டிக்கிடக்கும் இடத்தில் தடுப்பை இழந்து, வெளி மரபணுவை வாங்கிக்கொண்ட பாக்டீரியாதான் பிழைக்கிறது. வைரஸ் காய்ச்சலுக்கு நாம் போடும் அசித்ரோமைசின் வைரஸை ஒன்றும் செய்யாமல், நம் குடலில் சும்மா கிடக்கும் பாக்டீரியாக்களிடையே இந்தத் தேர்வைத்தான் நடத்துகிறது.

அதனால் மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள். டாக்டர் கல்ச்சர் எழுதினால், முதல் மாத்திரைக்கு முன்பே சாம்பிளைக் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் மாத்திரை அட்டையை லேப்புக்கு எடுத்து வாருங்கள், மறைக்க வேண்டாம். மருந்து உள்ளே போயிருந்தால் கிருமி இருந்தும் தட்டில் வளராமல் போகலாம். ரிப்போர்ட்டுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று அதில் இருக்கும்.