மினிட்ஸ் இருக்கிறது, கோப்பு எங்கே?

நான் பார்த்தவரையில் பல்கலைக்கழகக் கோப்புகளைக் கரையான் தின்றது கொஞ்சம்தான். ஆய்வுக் குழு வருவதற்கு முந்தைய வாரத்தில் போனவைதான் அதிகம். வராந்தாவைக் காலி பண்ணச் சொல்லி மேலிருந்து உத்தரவு வரும். பதிவறையில் இடம் இல்லாமல் வெளியே அடுக்கியிருந்த கட்டுகள் இரண்டே நாளில் டெம்போ ஏறிவிடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. எது குப்பை, எது ஆவணம் என்று பார்த்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சென்னையில் பல ஆண்டுகளாக ஆவணக் காப்புப் பணியில் இருக்கிறேன். ஒருமுறை நகரில் ஒரு கல்வி நிறுவனத்தின் பதிவறையை ஒழுங்கு செய்துதரக் கூப்பிட்டிருந்தார்கள். கூட்டத் தீர்மானங்களைப் பதியும் மினிட்ஸ் புத்தகங்கள் இருந்த இரும்பு பீரோவைப் பதிவறை எழுத்தர் பெருமையோடு திறந்து காட்டினார். "மினிட்ஸ் புக்கெல்லாம் பைண்டு பண்ணி வச்சிருக்கோம் சார். ஒண்ணு கூட விடலை. அந்தப் பக்கம் கிடக்கிறது பழைய கரஸ்பாண்டன்ஸ்தான், எடைக்குப் போடச் சொல்லிட்டாங்க."

அந்தப் பக்கம் ஐம்பது கட்டுகளுக்கு மேல் கிடந்தன. ஒன்றை அவிழ்த்தேன். மாலைநேரப் படிப்பு ஒன்றை நிறுத்தியது பற்றிய கோப்பு. மினிட்ஸ் புத்தகத்தில் அதற்கு ஒரே வரி: அடுத்த கல்வியாண்டு முதல் நிறுத்தத் தீர்மானிக்கப்பட்டது. கோப்பிலோ எழுபது பக்கத்துக்கு மேல். துறைமுகத்திலும் ரயில்வே பணிமனையிலும் வேலை பார்த்துக்கொண்டே படித்த மாணவர்கள் கையெழுத்திட்ட மனு இருந்தது. நிதிப் பிரிவு போட்ட செலவுக் கணக்கும், ஒரு துறைத் தலைவரின் கடுமையான மறுப்பும், ஓரத்தில் பச்சை மையில் பதிவாளர் எழுதிய பதிலும் இருந்தன. வேறு வழி உண்டா என்று மூன்று தடவை கேட்டிருக்கிறார்கள். அதற்கு அப்புறம்தான் முடிவு.

என்ன முடிவு எடுத்தார்கள் என்பதை மினிட்ஸ் சொல்லும். ஏன் எடுத்தார்கள், யார் எதிர்த்தார்கள், யாருக்குப் பாதிப்பு என்பதெல்லாம் கோப்பில்தான் கிடைக்கும். அதிலும் குறிப்புக் கோப்பில். வந்த கடிதங்களும் போன கடிதங்களும் நடப்புக் கோப்பில் இருந்தால், அலுவலகம் யோசித்த யோசனை குறிப்புக் கோப்பில் இருக்கும். நாம் முதலில் தூக்கிப்போடுவதும் அதைத்தான்.

1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆரம்ப காலத்தை ஆராய்கிறவர்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய்க் கல்வித் துறை அரசாணைகளைப் புரட்டுவது வழக்கம். அரசுக்குப் போன கடிதம் அங்கே கிடைக்கும். அந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன் பல்கலைக்கழகத்துக்குள் நடந்த வாக்குவாதத்தை அங்கே எதிர்பார்க்க முடியாது. அதை அந்தந்தப் பல்கலைக்கழகம்தான் வைத்திருக்க வேண்டும். வேறு எங்கும் நகல் இருக்காது.

நம் அலுவலகங்களில் கோப்பை முடிக்கும்போது ஆர்.டிஸ், டி.டிஸ், கே.டிஸ், எல்.டிஸ் என்று வகை போடுவார்கள். பிரிட்டிஷ் காலத்து மாவட்ட அலுவலக நடைமுறை அது; பல கல்வி நிறுவனங்களும் அதையே பின்பற்றுகின்றன. ஆர் என்றால் நிரந்தரம், டி பத்து ஆண்டு, கே மூன்று ஆண்டு, எல் ஒரு ஆண்டு. தமிழில் ப.மு. (பத்தாண்டு முடிவு), மூ.மு. (மூன்றாண்டு), ஓ.மு. (ஓராண்டு) என்று பார்த்திருப்பீர்கள். ஏற்பாட்டில் குறையில்லை. ஆனால் அந்த எழுத்தைப் போடுகிறவர் பெரும்பாலும் அந்த இருக்கையில் இருக்கும் உதவியாளர். அன்றைய வேலைக்கு இனி இது தேவையா என்றுதான் அவர் பார்ப்பார். அவரிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. நான் அவிழ்த்த மாலைநேரப் படிப்புக் கோப்பின் மேல் கே.டிஸ் என்று இருந்தது. விதிப்படி மூன்றே ஆண்டில் போயிருக்க வேண்டியது, கழிவு செய்ய ஆள் இல்லாததால் பிழைத்துக் கிடந்தது.

அதனால் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் பொருள்வாரியாக ஒரு காப்புக் கால அட்டவணை வேண்டும் என்று போகிற இடமெல்லாம் சொல்லி வருகிறேன். மதிப்பெண் பதிவேடு, பட்டப் பதிவேடு, நில ஆவணம், கட்டட வரைபடம் நிரந்தரம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பாடத்திட்ட மாற்றம், கல்லூரி இணைப்பு, மாணவர் மனு, விடுதிக் கட்டணம் பற்றிய கோப்புகளை வரலாற்றுத் துறை ஆசிரியர் ஒருவரும் பார்த்த பிறகே கழிக்க வேண்டும். விடுப்புக் கடிதமும் நாலாவது நகலும் தாராளமாகப் போகட்டும். எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் எதையுமே தேடி எடுக்க முடியாது.

சட்டம் இருக்கிறதே என்று கேட்பார்கள். 1993-ஆம் ஆண்டு பொது ஆவணங்கள் சட்டப்படி, ஆவணத்தை விதிமீறி அழித்தால் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் அது மத்திய அரசுக்கும் அதன் கட்டுப்பாட்டில் உள்ள அமைப்புகளுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உரியது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் அதற்குள் வராது. 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு அவற்றுக்கும் பொருந்தும். ஆவணங்களை அட்டவணைப்படுத்தி வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது.

சரி, வைத்திருப்பதை எப்படி வைப்பது? கடற்கரை ஊர் இது. வருடத்தில் பல மாதம் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நிற்கும். 65-ஐத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். குண்டூசியும் கோப்பு கட்டும் டேக்கின் தகர முனையும் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். மரக்கூழில் செய்த மலிவுத் தாள் தன் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்கும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் டேப் உதிர்ந்து மஞ்சள் கறை மட்டும் நிற்கும். பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அமிலமற்ற அட்டைப் பெட்டி, அது கிடைக்காவிட்டால் சுத்தமான பருத்தித் துணி, துணி நாடா போதும். அலமாரியின் அடித்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயரட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊருக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. நனைந்துவிட்டால் வெயிலில் காயப்போடாமல் நிழலில், மின்விசிறிக் காற்றில், உறிஞ்சு தாள் இடையில் வைத்து உலர்த்துங்கள். இரண்டு நாள் தாமதித்தாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும்.

"ஸ்கேன் பண்ணிட்டோம், ஒரிஜினலைப் போட்டுடலாமா?" என்பது நான் அதிகம் கேட்கும் கேள்வி. வேண்டாம். பின்பக்கக் குறிப்பு விட்டுப்போன ஸ்கேன்களையும் பென்சில் எழுத்து மங்கிய ஸ்கேன்களையும் நிறையவே பார்த்திருக்கிறேன். இன்னொரு ஆபத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. 2000-களில் கணினியில் அடித்த தமிழ்க் கோப்புகள் பல ஒருங்குறியில் (யூனிகோட்) இல்லை. வானவில், டேப் (TAB) போன்ற பழைய எழுத்துரு முறைகளில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எழுத்துகள் குழம்பித்தான் தெரியும். 1930-ல் மையால் எழுதியதை இன்றும் வாசிக்கிறோம், 2003-ல் தட்டச்சு செய்ததை வாசிக்க முடியவில்லை. அப்படிப்பட்ட கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, எழுத்துருவையும் உள்ளடக்கி, நெடுங்காலச் சேமிப்புக்கான பிடிஎஃப்-ஏ வடிவில் சேமியுங்கள். மாற்றியதை ஒருவர் உட்கார்ந்து மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனாலும் தவிர்க்க முடியாது.

ஓய்வு பெற்ற பதிவாளர்கள், பேராசிரியர்கள், செனட் உறுப்பினர்கள் வீட்டுப் பரணிலும் இந்தக் காகிதங்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டில் இருந்தால் பல்கலைக்கழக நூலகத்துக்கு முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். சுத்தம் செய்கிறேன் என்று இறங்க வேண்டாம், தேதிவாரியாகப் பிரித்து அடுக்கவும் வேண்டாம். எந்தக் காகிதம் எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதும் எங்களுக்கு ஒரு சான்றுதான். கட்டை அவிழ்க்காமல் அப்படியே கொண்டு வாருங்கள். யாருடையது, எந்த அலமாரியில் இருந்தது என்று ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி, மேலே செருகி வையுங்கள்.