மரத்தரை பலகை வெட்டும்போ ஓரம் ஏன் பேந்து போவுது?

தக்கலையில அத்தை வீட்டு மாடி ரூமுக்கு லாமினேட் மரத்தரை போட்டுட்டிருந்தாங்க, நான் சும்மா வேடிக்கை பாக்கப் போனவன், டைல்ஸ் வேலைக்கு வந்த பையன் கையில இருந்த மார்பிள் கட்டரை அதே டைமண்ட் பிளேடோட பலகையில வெச்சுட்டான், ரெண்டே நிமிஷத்துல ரூம் பூரா கரிஞ்ச வாடை, வெட்டுன ஓரம் கன்னங்கரேல்னு ஆயிப்போச்சு. கீழ கதவு வேலை பாத்துட்டிருந்த மூத்தாசாரி ஏறி வந்து பாத்துட்டு "மக்கா, அது கல்லத் தேய்க்குத சாமானாக்கும், தடிக்கு பல்லு வேணும்லா"ன்னார்.

விஷயமே அதுதான். டைமண்ட் பிளேடுல பல்லு கிடையாது, உலோகத்துல வைரத் துகளைப் பதிச்சிருக்கும், அது கல்லை பொடிப்பொடியா அரைக்குது. கல்லு அரைபடும், மரம் நாரு, உரச உரச சூடேறி கரியத்தான் செய்யும். மரம் அறுக்குத பிளேடுல ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால ஒரு குழி இருக்கும் பாருங்க, சீவுன தூளு அதுல உக்காந்துதான் வெளிய வரும்.

சரி, எத்தனை பல்லு? 7 இஞ்சு சர்க்குலர் ரம்பம் நிமிஷத்துக்கு 5,000 சுத்து சுத்துதுன்னு வைங்க, 40 பல்லுன்னா 2,00,000 கடி, நீங்க நிமிஷத்துக்கு 2 மீட்டர் தள்ளுனா ஒரு பல்லுக்கு கிடைக்குதது மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு, தலைமுடியை விட எவ்வளவோ மெலிசு. கடி சின்னதானா நாரு பிய்யாம அறும், அதனாலதான் குறுக்க வெட்டவும் லாமினேட்டுக்கும் 60 பல்லு, நாரு ஓடுத பக்கமா நீளத்துல கிழிக்க 24 போதும், அதுல நீளநீளமா சுருள் வரும், அதுக்கு பெரிய குழி வேணும். ஆனா 60 பல்லு வாங்கிட்டு பயந்து பயந்து மெதுவா தள்ளுனீங்கன்னா பல்லுக்கு சீவ ஒண்ணும் கிடைக்காது, வெறுமனே உரசும், திரும்பவும் அதே கரிவாடைதான். நிறைய பேரு பிளேடைத் திட்டுவாங்க, குத்தம் கையில.

இன்னொண்ணு, லாமினேட் மேல கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்குல்லா, தேயாம இருக்க அதுல அலுமினியம் ஆக்சைடு தூளு சேத்திருக்கும், அது இரும்பை விட கடினம், சாதா ஸ்டீல் பல்லு சீக்கிரமே மொண்ணையாயிரும். டங்ஸ்டன் கார்பைடு முனை வெச்ச டிசிடி பிளேடு கேட்டு வாங்குங்க. தேக்குலயும் சிலிக்கா உண்டு, தேக்குத் தடி அறுத்தா வாளு சீக்கிரம் மழுங்குதுன்னு ஆசாரிமாரு புலம்புதது சும்மா இல்ல.

இனி ஓரம் பேந்து போறது. பல்லு உள்ள நுழையுத பக்கம் பிசிறு வராது, ஏன்னா நாருக்குப் பின்னால தாங்க மரம் இருக்கு, வெளிய வாற பக்கம் தாங்க ஒண்ணுமில்ல, அங்கதான் சில்லு சில்லா பேந்து போவும். கையில பிடிக்குத சர்க்குலர் ரம்பத்துல பல்லு கீழ இருந்து மேல ஏறும், அதனால பலகையோட நல்ல முகம் தரையப் பாத்து இருக்கணும், டேபிள் ரம்பத்துல நேர் தலைகீழ். கூடவே பிளேடு மேல போட்டிருக்க அதிகபட்ச வேகத்தைப் பாருங்க, மெஷினோட வேகம் அதுக்குள்ள இருக்கணும், பல்லு வெச்ச பிளேடை ஆங்கிள் கிரைண்டர்ல மாட்டவே மாட்டாதீங்க, எகிறி கைய கொண்டு போயிரும்.

மூத்தாசாரி தன்னோட ரம்பத்தைக் கொண்டு வந்து, பலகையக் கவுத்துப் போட்டு மீதிய அறுத்துக் கொடுத்துட்டுப் போனார். கரிஞ்ச ரெண்டு பலகையும் இப்ப கட்டிலுக்கு அடியில கிடக்கு, அத்தைக்கு அது எந்தப் பலகைன்னு இன்னும் தெரியாது.