சி.ஆர்.பி. நார்மல், சரி, மூச்சு எப்படி இருக்கிறது?

"சி.ஆர்.பி. நார்மல் ஆயிடுச்சு டாக்டர், ஸ்டீராய்டைக் குறைச்சிடலாமா?" ஆன்கா வாஸ்குலைட்டிஸ் நோயாளிகள் மறுபரிசோதனைக்கு வரும்போது அதிகம் கேட்பது இதைத்தான். சி.ஆர்.பி. என்பது உடலில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதைக் கிளம்பும்போதுதான் சொல்வார்கள். எனக்கு முதலில் தெரிய வேண்டியது அது.

உடலின் எதிர்ப்பு சக்தியே சிறு இரத்தக் குழாய்களைத் தாக்கும் நோய் இது. பலருக்கு இரத்தத்தில் எம்.பி.ஓ. அல்லது பி.ஆர்.3 என்ற புரதத்துக்கு எதிரான ஆன்கா என்ற எதிர்ப்புப் பொருள் (ஆன்டிபாடி) இருக்கும். நுரையீரலில் தழும்பு விழுவது பெரும்பாலும் எம்.பி.ஓ. ஆன்கா உள்ளவர்களுக்கு. பி.ஆர்.3 ஆன்கா உள்ளவர்களுக்குக் கட்டிகளும் குழிகளும் வரலாம். எக்ஸ்ரேயில் அந்தக் குழியைப் பார்த்ததும் நம் ஊரில் காசநோய் மருந்து தொடங்கிவிடுவதும் உண்டு. சளியில் காசநோய்க் கிருமி இல்லை, மூக்கில் இரத்தப் பொருக்கு, சிறுநீரில் இரத்தம் என்றால் ஆன்கா பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

சி.ஆர்.பி.யும், இ.எஸ்.ஆர். என்ற இன்னொரு இரத்தப் பரிசோதனையும் உடலில் எங்கோ அழற்சி இருப்பதைக் காட்டும். எங்கே என்று காட்டாது. இரண்டும் நார்மலாக இருக்கும்போதே நுரையீரல் தழும்பு சத்தமில்லாமல் பரவலாம்.

அங்கேதான் கே.எல்.-6 உதவுகிறது. காற்றுச் சிற்றறைகளின் உள்சுவர்ச் செல்களில் இருக்கும் புரதம் இது. அந்தச் சுவர் சேதமடையும்போது இரத்தத்தில் கசியும். கண்டுபிடித்தது ஜப்பானியர்கள், 1999 முதல் அங்கே வழக்கமான பரிசோதனை. ஒரு மில்லிலிட்டரில் 500 யூனிட் என்பது அவர்கள் வைத்த எல்லை. என்னைக் கேட்டால், ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. அதே லேபில் சில மாத இடைவெளியில் எடுத்து, ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். சில புற்றுநோய்களிலும் இது ஏறும். நம்மிடம் எல்லா லேபிலும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் குடிமுழுகிப் போகாது. மூச்சுத்திறன் சோதனையும் சி.டி.யும் இருக்கின்றன.

யாரும் மதிக்காத சோதனை ஒன்று உண்டு: சாதாரண ஹீமோகுளோபின். நுரையீரலுக்குள் இரத்தம் கசிபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சளியில் இரத்தமே வராது. போன வாரம் 11 இருந்தது இன்று 8, மூச்சும் வாங்குகிறது என்றால், இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். கூடவே சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினினும் இரத்தத்தில் ஏறியிருந்தால் சிறுநீரகமும் மாட்டியிருக்கலாம்.

ஆன்கா அளவு ஏறினால் நோய் திரும்பிவிட்டது என்று பதறுகிறார்கள். அறிகுறி எதுவும் இல்லாமல் அந்த எண் மட்டும் ஏறியதற்காக நான் மருந்தைக் கூட்டுவதில்லை. அடிக்கடி வரச்சொல்லிக் கவனிப்பேன். நெகட்டிவ் ஆகிவிட்டது என்று மருந்தை நிறுத்துவதும் இல்லை.

எதிர்ப்பு சக்தியை அடக்கும் ரிட்டுக்சிமேப் அல்லது சைக்ளோபாஸ்பமைடு மருந்தை எடுப்பவர்களுக்குக் காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால் கணக்கு இன்னும் சிக்கல். நிமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சைத் தொற்றிலும் கே.எல்.-6 ஏறும், சி.ஆர்.பி.யும் ஏறும். நோயா தொற்றா என்று இரத்தத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. சிகிச்சையோ வேறு வேறு. அதனால் ஸ்டீராய்டை நீங்களாகக் கூட்டாமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், பழைய ரிப்போர்ட்டுகளோடு. இந்தத் தொற்றைத் தடுக்கத்தான் கோ-ட்ரைமாக்ஸசோல் மாத்திரை தருகிறோம். மாத்திரை அதிகமாக இருக்கிறதே என்று பலர் முதலில் நிறுத்துவதும் அதைத்தான்.