வெட்ட வெட்டத் தழைக்கும் மரம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் தென்பகுதியில், மலையடிவாரத்தில், எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு 40 ஏக்கர் காடு இருக்கிறது. மான் வேட்டைக்கென்றே அவருடைய அப்பா வாங்கிப்போட்ட நிலம். ஒரு பனிக்காலத்தில் அந்தக் காட்டோரமாக நின்ற 12 மரங்களைச் செயின்சாவால் அறுத்துத் தள்ளினார். அடுத்த ஜூன் மாதம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அறுத்த ஒவ்வொரு அடிமரத்தைச் சுற்றியும் சுண்டுவிரல் தடிமனில், இடுப்பளவு உயரத்தில் தளிர்கள் கொத்துக் கொத்தாக நின்றன. அதோடு விட்டதா? மரமே இல்லாத இடத்திலும், பல அடி தள்ளி, அதே கன்றுகள். நான் நின்ற இடத்தைச் சுற்றி மட்டும் 60 வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். 12 மரத்தை ஒழிக்கப் போய் ஒரு தோப்பே உருவாகிவிட்டது.

சீமைக்கருவேலத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தக் காட்சி பழகியதுதான். தரையோடு வெட்டினால் மழைக்குப் பிறகு முன்னைவிட அடர்த்தியாக வரும். ஏன் அப்படி வருகிறது, எங்கே கை வைத்தால் நிற்கும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பக்கத்து வீட்டுக்காரர் அறுத்த அந்த மரத்துக்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் பெயர் 'ட்ரீ ஆஃப் ஹெவன்', அதாவது சொர்க்க மரம். தாவரவியல் பெயர் அய்லாந்தஸ் அல்டிஸிமா. சீனாவைச் சேர்ந்தது. 1784-இல் பிலடெல்பியாவில் வில்லியம் ஹாமில்டன் என்ற தோட்டக்காதலர் அழகுக்காகக் கொண்டுவந்து நட்டார். இலையைக் கசக்கி முகர்ந்தால் கெட்டுப்போன வேர்க்கடலை வாடை அடிக்கும். நம்மூர்ப் பெருமரம் இதற்கு நெருங்கிய உறவு. நாற்றத்துக்காகவே அதைப் பீநாறி என்றும் சொல்வார்கள். தீக்குச்சிக்குப் போவது அந்த மரம்தான். அது நம் மண்ணுக்குரியது, ஒழுங்காக இருக்கிறது. சொர்க்க மரமோ, போன இடத்தில் பூச்சியோ நோயோ பின்தொடர்ந்து போகாததால் கட்டவிழ்ந்துவிட்டது. ஒரு பெண் மரம் ஓர் ஆண்டில் மூன்று லட்சம் விதைகள் வரை உதிர்க்கும். ஒவ்வொரு விதைக்கும் ஒரு சவ்வுச் சிறகு. வேர்ப்பட்டையில் அய்லாந்தோன் என்ற நச்சுப்பொருள் இருப்பதால் பக்கத்தில் மற்ற செடிகள் முளைப்பதும் தடைபடும்.

வேட்டை நிலத்தில் இதன் பாதிப்பு இன்னும் அதிகம். அதற்குக் காரணம் மான்தான். வெள்ளைவால் மான் ஓக் கன்றின் நுனியை ஆசையாகக் கடித்துத் தின்னும். கசக்கும் சொர்க்க மரத்தைப் பெரும்பாலும் தொடாமல் போகும். இருபது வருடம் இப்படியே போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஓக் கிழடாகி விழும், அதன் இடத்துக்கு வாரிசு இருக்காது. விழுந்த இடத்தில் வெயில் இறங்கும். வெயிலுக்குக் காத்திருந்த சிறகு விதை முளைக்கும். பனிக்காலத்துக்கு முன்பு மான் கொழுப்புச் சேர்ப்பது ஓக் கொட்டையைத் தின்றுதான். மான் நிறைய வேண்டும் என்று காட்டை அப்படியே விட்டுவைப்பவர், கடைசியில் மானுக்குத் தீனி இல்லாத காட்டைத்தான் வைத்திருப்பார். இதை நான் கண்ணால் பார்த்ததால் அழுத்திச் சொல்கிறேன்.

சரி, வெட்டினால் ஏன் பெருகுகிறது?

மரத்தின் நுனித் தளிர்கள் ஆக்சின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது தண்டு வழியாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அடிமரத்திலும் வேரிலும் உறங்கும் மொட்டுகளுக்கு அதுதான் "நீ இப்போது எழ வேண்டாம்" என்ற கட்டளை. செயின்சா ஓடிய நிமிடத்தில் அந்தக் கட்டளை நின்றுபோகிறது. உறங்கிய மொட்டுகள் எல்லாம் ஒன்றாக விழித்துக்கொள்கின்றன. விழித்ததும் சாப்பாடு வேண்டுமே? அதுவும் தயார். கோடை முழுவதும் இலைகள் சமைத்த சர்க்கரை, மாவுச்சத்தாக மாறி வேரில் குவிந்து கிடக்கிறது. மரம் முப்பது அடி உயரம் நின்றாலும் அதன் வங்கிக் கணக்கு மண்ணுக்குள்தான். பனிக்காலத்தில் அறுப்பது, கணக்கில் பணம் நிரம்பி வழியும் நாளில் வீட்டு வாசலை மட்டும் இடிப்பது போல. தோண்டி எடுப்பதிலும் சிக்கல் இருக்கிறது. சீமைக்கருவேலத்தை ஜேசிபி வைத்துத் தூரோடு பெயர்த்தால் பெரும்பாலும் முடிந்துவிடும், அதன் மொட்டுகள் தூர்ப்பகுதியில் இருப்பதால். இந்த மரத்துக்கோ பக்கவாட்டில் ஓடும் வேர்த்துண்டு ஒன்று மண்ணில் தங்கினாலும் போதும்.

அப்படியானால் வேருக்குக் களைக்கொல்லி மருந்து போக வேண்டும். மேலே நின்றுகொண்டு, மண்ணுக்குள் ஐம்பது அடி வரை பரவிய வேருக்கு எப்படிக் கொண்டுபோவது? மரமே கொண்டுபோகும், நாம் கேட்கிற நேரத்தில் கேட்டால்.

பட்டைக்கு உட்புறம் புளோயம் என்ற மெல்லிய திசு இருக்கிறது. சர்க்கரை பயணம் செய்யும் பாதை அது. வசந்தத்தில் வேரின் சேமிப்பு மேலே ஏறித் தளிர்களுக்குப் போகும். அப்போது மருந்து வைத்தால் வேருக்குப் போகாது; வெட்டிலிருந்து சாறு கசிந்து மருந்தை வெளியே தள்ளியும்விடும். ஜூலைக்குப் பிறகு ஓட்டம் திரும்புகிறது. முதிர்ந்த இலைகள் சர்க்கரையை வேருக்கு இறக்கத் தொடங்கும். ஜூலையிலிருந்து இலை நிறம் மாறத் தொடங்கும் வரைதான் நமக்கு வாய்ப்பு. அந்த நாட்களில் புளோயத்தில் விழும் மருந்து, சர்க்கரையோடு சேர்ந்து வேர் நுனி வரை போய்ச் சேரும்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் மீண்டும் போனோம். இன்னொரு மூலையில் வெட்டாமல் விட்ட மரங்கள் இருந்தன. அவர் கையில் ஒரு கைக்கோடரி, இடுப்பில் ஒரு ஸ்பிரே பாட்டில். முதலில் இலையைப் பார்க்கச் சொன்னார். சுமாக், கறுப்பு வால்நட் ஆகிய நல்ல மரங்களுக்கும் இதே மாதிரிக் கூட்டிலைதான். ஆனால் அவற்றின் சிற்றிலை ஓரம் முழுக்க ரம்பப்பல் இருக்கும். சொர்க்க மரத்தின் சிற்றிலை ஓரம் வழுவழுப்பு. அடியில் மட்டும் ஒன்றிரண்டு பல், அதில் சின்னச் சுரப்பி. அதைத் தடவிப் பார்த்த பிறகுதான் கோடரியை ஓங்கினார்.

கோடரி மேலிருந்து சாய்வாக இறங்கியது. பட்டை ஒரு சின்னப் பை போல வாய் திறந்தது. உள்ளே ஈரமான வெளிர்நிற மரம். அந்தப் பைக்குள் இரண்டு மூன்று முறை பீய்ச்சினார், ஏறக்குறைய ஒரு மில்லி இருக்கும். எந்த வெட்டுக்கு ஊற்றினோம், எதற்கு இல்லை என்று தெரிய மருந்தில் நீலச் சாயம் கலந்திருந்தார். விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு வெட்டு என்பது கணக்கு. ஆறு அங்குல மரத்துக்கு ஆறு வெட்டு, சுற்றிலும் இடைவெளி விட்டு.

அந்த இடைவெளிதான் இந்த முறையின் உயிர். பார்ப்பவர்களுக்கு, சுற்றி வளையமாக வெட்டினால் இன்னும் வேகமாகச் சாகுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் வளையமாக வெட்டினால் புளோயம் முழுவதும் அறுந்துவிடும். மருந்து இறங்கப் பாதை இருக்காது. வேருக்கு ஆக்சினும் வராது, மொட்டுகள் விழித்துக்கொள்ளும். வெட்டுகளுக்கு நடுவே ஓர் அங்குலமாவது உயிருள்ள பட்டை இருக்க வேண்டும். மரம் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சில நாட்கள் வேலை செய்தால்தான் மருந்து முழுவதும் கீழே இறங்கும். அதனால்தான் மருந்து வைத்த பிறகு 30 நாட்களாவது மரத்தை அறுக்கக் கூடாது.

அவர் ஊற்றியது டிரைக்ளோபைர். அது ஆக்சினைப் போலவே நடிக்கும் செயற்கைப் பொருள். செடியால் அதை எளிதில் சிதைக்க முடியாது. அளவு மீறிய கட்டளையில் செல்கள் தாறுமாறாக வளர்ந்து திசுக்கள் நிலைகுலையும். எந்த ஹார்மோன் மொட்டுகளை உறங்க வைத்ததோ, அதன் சாயல் கொண்ட பொருளே வேரைக் கொல்கிறது. நம்மூரில் தெரிந்த கிளைபோசேட்டையும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அது வேறு வழியில், செடி சில அமினோ அமிலங்களைத் தயாரிப்பதைத் தடுத்துக் கொல்லும். இமாசபைர் என்று இன்னொன்று உண்டு. அது மண்ணில் தங்கிப் பக்கத்து ஓக்கின் வேருக்கும் போகும் என்பதால் அவர் தொடவே இல்லை. அவர் செய்தது எனக்குச் சரியாகவே பட்டது. காடு முழுக்கத் தெளிப்பதற்கும், ஒரு மரத்துக்கு ஆறு மில்லி உள்ளே வைப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. தேவையான இடத்தில், கையுறை போட்டு, லேபிளில் உள்ள அளவில் வைக்கும்போது மண்ணுக்கும் ஓடைக்கும் போவது மிகக் குறைவு.

எல்லாக் களைக்கும் கணக்கு வேரில் இருக்காது. அவருடைய காட்டுப் பாதை ஓரம் எல்லாம் ஜப்பானிய ஸ்டில்ட்கிராஸ் என்ற புல். 1919-இல் டென்னசியில் முதலில் பார்த்தார்கள். பீங்கான் சாமான்களுக்குப் பொதி வைக்கோலாக வந்திருக்கலாம் என்கிறார்கள். இது ஒரு பருவப் புல். பனி விழுந்தால் வேரோடு செத்துவிடும். இதன் சேமிப்பு விதையில் இருக்கிறது, அந்த விதைகள் மண்ணில் சில வருடங்கள் உறங்கும். எனவே மருந்தே வேண்டாம், விதை கட்டவிடாமல் இருந்தால் போதும். அதற்கும் நேரம் பார்க்க வேண்டும். ஜூனிலேயே வெட்டினால் குட்டையாகவே நின்று பூத்து விதை போட்டுவிடும். ஆகஸ்ட் கடைசியில், பூக்கப் போகிற நேரத்தில் தரையோடு வெட்டினால் மறுபடி எழுந்து விதைக்க அதற்கு நாள் மிச்சமிருக்காது. தொடர்ந்து சில வருடங்கள் செய்தால் மண்ணிலுள்ள விதைக் கையிருப்பு தீர்ந்துபோகும்.

சொர்க்க மரத்தின் மேல் இப்போது இவ்வளவு அக்கறை வரக் காரணம் ஒரு பூச்சி. 2014-இல் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியில் புள்ளி லாந்தர் பூச்சி முதன்முதலாகச் சிக்கியது. அதுவும் ஆசியாவிலிருந்து வந்ததுதான். சொந்த ஊர் மரத்தைப் பார்த்ததும் ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து திராட்சைத் தோட்டங்களுக்குப் பரவுகிறது. அப்புறம் ஒரு நல்ல செய்தியும் உண்டு. அதே மாநிலத்தின் தெற்கில் இந்த மரங்கள் தாமாகவே கூட்டமாகச் சாவதைக் கண்டு ஆராய்ந்ததில், வெர்டிசிலியம் நான்அல்ஃபால்ஃபே என்ற பூஞ்சை தெரியவந்தது. அது மரத்தின் நீர்க்குழாய்களை அடைத்துவிடும். வேரால் இணைந்த மரங்களுக்கு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும். எந்த வேர்ப்பின்னலால் மரம் பெருகியதோ, அதன் வழியாகவே நோயும் போகிறது.

மறு வருட ஆகஸ்டில் மூலையைப் பார்க்கப் போனோம். மருந்து வைத்த மரங்கள் பட்டை உரிந்து நின்றன. அடியில் 9 வேர்க்கன்றுகள் மட்டும் மிச்சம். முழங்கால் உயரம்கூட இல்லாததால் அவற்றின் இலை மேலேயே தெளித்தார். முன்பு செயின்சா ஓடிய இடத்தில் அந்த வருடமும் வேலை முடியவில்லை. இறந்த மரங்களுக்கு நடுவே வெயில் விழுந்த இடத்தில் மூன்று ஓக் கன்றுகளை நட்டு, மான் கடிக்காமல் இருக்க ஒவ்வொன்றையும் ஐந்தடி பிளாஸ்டிக் குழாய்க்குள் நிறுத்தினோம். குழாயை முளைக்குச்சியோடு கட்டிக்கொண்டிருந்தபோதே, இருபது அடி தூரத்தில் ஒரு பெண் மான் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.