கதீட்ரல்: ஒரு கதிரையின் கதை

பார்சிலோனா போய்வந்தவர்கள் 'சக்ராதா ஃபமிலியா கதீட்ரல்' என்று தலைப்பிட்டுப் படம் போடுவார்கள். அது கதீட்ரலே இல்லை. 2010இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அங்கே வந்து அந்தக் கோவிலை அர்ச்சித்தபோது அதற்குக் கிடைத்தது பசிலிக்கா என்ற தகுதி, அதாவது திருத்தந்தை சில கோவில்களுக்குத் தரும் சிறப்புப் பட்டம். பார்சிலோனாவின் கதீட்ரல் பழைய நகரத்துக்குள் தனியாக இருக்கிறது. உயரத்தில் அதைவிடச் சிறியதுதான், ஆனாலும் கதீட்ரல் அதுதான். ஏன்?

கிரேக்கத்தில் 'கதெட்ரா' என்றால் உட்காரும் இருக்கை. லத்தீனுக்குப் போன பிறகு, ஆயர் (பிஷப்) அமர்ந்து போதிக்கும் நாற்காலிக்கு அந்தப் பெயர் நிலைத்தது. அந்த நாற்காலி எந்தக் கோவிலில் இருக்கிறதோ அதுதான் கதீட்ரல். கட்டடத்தின் அளவுக்கும் அழகுக்கும் இதில் வேலை இல்லை.

இந்தச் சொல்லின் உறவுக்காரர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். நாம் சொல்லும் 'சேர்' கதெட்ராவிலிருந்து பிரெஞ்சு, ஆங்கிலம் என்று சுற்றி வந்தது. ஈழத்தில் சொல்லும் 'கதிரை' அதே கதெட்ரா போர்த்துக்கீசியத்தில் 'கதேய்ரா' ஆகி, கப்பலேறி வந்தது. ஸ்பானியர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவர்கள் மொழியில் பேராசிரியர் பதவி 'கத்தேத்ரா', இடுப்பு 'கதேரா'. நாற்காலியின் பெயர் அதில் உட்காரும் உறுப்புக்கே வந்துவிட்டது!

நாற்காலிதான் கதீட்ரலை உண்டாக்குகிறது என்பதற்கு ஸ்பெயினின் செவில் நகரத்தைவிட நல்ல சாட்சி இல்லை. 1248இல் கிறிஸ்தவ மன்னர் மூன்றாம் பெர்னாண்டோ அந்நகரைக் கைப்பற்றினார். அங்கே அல்மோகத் என்ற முஸ்லிம் அரச மரபின் ஆட்சியில் கட்டிய பெரிய பள்ளிவாசல் இருந்தது. அதை இடிக்கவில்லை. உள்ளே பீடமும் ஆயரின் இருக்கையும் வந்தன, பள்ளிவாசல் கதீட்ரல் ஆயிற்று. சுமார் 150 ஆண்டுகள் அப்படியே ஓடியது. 1356 நிலநடுக்கத்தில் கட்டடம் சேதமானது. 1401இல் புதிதாகக் கட்ட முடிவெடுத்தார்கள். "முடிந்ததும் பார்ப்பவர்கள் நம்மைப் பைத்தியம் என்று நினைக்க வேண்டும், அவ்வளவு பெரிதாகக் கட்டுவோம்" என்று பேசிக்கொண்டதாக ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, 1506இல் முடிந்தது கோதிக் என்ற கட்டடப் பாணியில் உலகின் மிகப் பெரிய கதீட்ரல். முடித்த ஐந்தே ஆண்டில், 1511இல், நடுக் கோபுரம் இடிந்து உள்ளே விழுந்தது. திரும்பக் கட்டினார்கள். 1888இல் அதுவும் விழுந்தது.

பழைய பள்ளிவாசலில் மிஞ்சியவை ஆரஞ்சு மர முற்றமும் தொழுகை அழைப்புக் கோபுரமும். அந்தக் கோபுரம்தான் ஹிரால்டா. மேலே ஏற இன்றும் பெரும்பாலும் சாய்தளம்தான். படிக்கட்டு கடைசியில் கொஞ்சம்தான். தொழுகைக்கு அழைப்பவர் குதிரையிலேயே மேலே போகலாம் என்று அப்படி அமைத்தார்களாம். 16ஆம் நூற்றாண்டில் எர்னான் ரூயிஸ் என்ற கட்டடக் கலைஞர் அதன் தலையில் மணிமாடம் ஏற்றி, உச்சியில் காற்றுக்குச் சுழலும் சிலையையும் வைத்தார். சுழலுவதால்தான் ஹிரால்டா என்ற பெயரும்.

மட்ரிட் கதை இதற்கு நேர் எதிர். ஆயரின் பொறுப்பில் இருக்கும் பகுதியான மறைமாவட்டம் 1885இல் வந்துவிட்டது, அதன் கதீட்ரலாக வேண்டிய அல்முதேனா கட்டடம் மட்டும் இழுத்துக்கொண்டே போய் 1993இல்தான் அர்ச்சிக்கப்பட்டது. அதுவரை சான் இசித்ரோ கோவில் கதீட்ரலாக இருந்தது. நாற்காலி போனதும் அந்தத் தகுதியும் போயிற்று.

சரி, தமிழில் என்ன சொல்வது? வழக்கில் இருப்பது 'பேராலயம்'. சொல் நல்ல சொல்தான், ஆனால் அது சொல்வது அளவை, இருக்கையை அல்ல. பசிலிக்காவையும் நாம் பேராலயம் என்றே சொல்வதால் குழப்பம் இரட்டிக்கிறது. வேளாங்கண்ணி பேராலயம் பசிலிக்கா. அந்த மறைமாவட்டத்தின் கதீட்ரல் தஞ்சாவூரில் இருக்கிறது. சென்னை சாந்தோமோ இரண்டுமாக இருக்கிறது. வேறுபடுத்தியாக வேண்டிய இடத்தில் நான் 'ஆயர் இருக்கைக் கோவில்' என்று எழுதுவேன், கொஞ்சம் நீளம்தான் என்றாலும். ஸ்பெயினிலேயே கட்டலான் பேசுகிறவர்கள் இதைத்தான் செய்தார்கள்: மல்லோர்கா தீவின் பால்மா கதீட்ரலை அவர்கள் 'லா செவ்' என்கிறார்கள். இருக்கை என்பதுதான் அதற்கும் பொருள்.