போடாத ஊசிக்கு வந்த மெசேஜ்: தடுப்பூசியில் நமக்குள்ள உரிமைகள்

2021 டிசம்பர். வடசென்னையில் ஒரு தடுப்பூசி முகாமில் தன்னார்வலராக டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "தம்பி, ரெண்டாவது ஊசி போட்டாச்சுன்னு மெசேஜ் வந்துக்குது பாரு. நான் எங்கப்பா போட்டேன்? அன்னிக்கு ஏலத்துல நின்னுனு இருந்தேன்."

மெசேஜில் பெயர் சரி, தேதி சரி, இடம் கூட இருந்தது. ஊசி மட்டும் போடவில்லை. எங்கோ ஒரு மேசையில் யாரோ கணக்கை முடித்திருக்கிறார்கள். கணினியில் அவர் 'முழுமையாகச் செலுத்திக்கொண்டவர்', அதனால் முகாமில் மறுபடி பதிவு ஏறவில்லை. நர்ஸம்மாவுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்கா அன்று ஊசி போடாமலே திரும்பிப் போனார்.

தடுப்பூசி பற்றிய சண்டை என்றால் நல்லதா கெட்டதா என்பதோடு நின்றுவிடுகிறது. நம் பக்கம் என்னென்ன உரிமை இருக்கிறது, எதை யாரிடம் கேட்கலாம் என்று யாரும் சொல்வதில்லை. கொரோனா காலத்து விதிகளை வைத்தே அதை எழுதுகிறேன். அவற்றில் சில இன்றும் செல்லும், குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி உட்பட.

கட்டாயப்படுத்த முடியுமா?

சுருக்கமான பதில்: பிடித்துவைத்து ஊசி போட முடியாது. 2022 மே 2 அன்று, குழந்தை மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் (நீதிபதிகள் நாகேஸ்வர ராவ், கவாய்) இதைத் தெளிவாகச் சொன்னது. தன் உடம்பு மீதான உரிமை அரசமைப்பின் 21-ஆவது பிரிவுக்குள் (உயிர்வாழும் உரிமை) வரும், எனவே யாரையும் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லி வற்புறுத்த முடியாது என்றது தீர்ப்பு.

அதே தீர்ப்பின் மறுபாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பொது நலனுக்காக அரசு சில கட்டுப்பாடுகள் விதிக்கலாம். ஆனால் அதற்குச் சட்டத்தின் துணை வேண்டும், நியாயமான தேவை வேண்டும், தேவைக்கு மேல் போகக் கூடாது. அந்த நேரத்தில், ஊசி போடாதவரால் நோய் அதிகம் பரவுகிறது என்று காட்டும் தரவு எதையும் மாநிலங்கள் தரவில்லை. அதனால் அப்போதிருந்த தடைகள் அளவுக்கு மீறியவை என்று நீதிமன்றம் சொன்னது. இன்னொரு பெருந்தொற்றில் நிலைமை வேறாக இருந்தால் கணக்கும் வேறாகலாம். தடுப்பூசிகளுக்கு ஒப்புதல் தந்த முறையில் நீதிமன்றம் குற்றம் காணவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 நவம்பரில், கடை, தியேட்டர், தொழிற்சாலை போன்ற பொது இடங்களுக்கு வருகிறவர்கள் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் உத்தரவு வந்தது. தீர்ப்புக்கு முன்பே, 2022 ஏப்ரலில், அது விலக்கிக்கொள்ளப்பட்டது. இதற்கு நடுவில், எதற்கும் சான்றிதழைக் கட்டாயமாக்கி நாங்கள் உத்தரவு போடவில்லை என்று ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்திடம் சொல்லியிருந்தது. டெல்லியில் காகிதம் ஒன்று பேசியது, நம் தெருவில் வேலைக்கு எடுப்பவர் வேறு பேசினார். தினக்கூலிக்காரர் எதை நம்புவார்?

இலவசம் எப்போது வந்தது

முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். 2021 ஜனவரி 16-இல் சுகாதாரப் பணியாளர்களோடு தொடங்கியது. மார்ச் 1 முதல் 60 வயதைத் தாண்டியவர்களும் வேறு நோயுள்ள 45 வயதுக்கு மேற்பட்டவர்களும், ஏப்ரலில் 45-ஐத் தாண்டிய எல்லோரும் சேர்ந்தார்கள். மே 1-இல் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் திறந்தபோதுதான் குழப்பம். உற்பத்தியில் பாதி ஒன்றிய அரசுக்கு, மீதி மாநிலங்களுக்கும் தனியாருக்கும் என்று பிரித்தார்கள். ஒரே கோவிஷீல்டு, ஒன்றிய அரசுக்கு 150 ரூபாய், மாநிலத்துக்கு 300, தனியார் மருத்துவமனைக்கு 600. 18 முதல் 44 வயதுக்காரர்களுக்கான அந்தக் கொள்கை மேலோட்டமாகப் பார்த்தாலே தன்னிச்சையானது, பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்று உச்ச நீதிமன்றம் மே 31-இல் குறிப்பிட்டது. ஜூன் 21 முதல் 75 சதவீதத்தை ஒன்றிய அரசே வாங்கி மாநிலங்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. தனியாரில் கோவிஷீல்டுக்கு 780, கோவேக்சினுக்கு 1,410 ரூபாய் என்று உச்சவரம்பு வந்தது.

தட்டுப்பாட்டு நாளில் தமிழ்நாடு 3.5 கோடி டோஸுக்கு உலகளாவிய டெண்டர் விட்டது, ஒருவரும் வரவில்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்போ ஊசி வீணாகிக்கொண்டிருந்தது. ஏப்ரல் நடுவில் வந்த ஒரு தகவல் உரிமைச் சட்டப் பதிலின்படி, தமிழ்நாட்டில் 12 சதவீதத்துக்கு மேல் வீண். ஒரு கோவிஷீல்டு குப்பியில் 10 டோஸ். திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நான்கு பேர் மட்டும் வந்தால் மிச்சம் குப்பைக்குத்தான்.

ஆதார் இல்லாதவர்களுக்கும் வழி இருந்தது. அடையாள அட்டையே இல்லாத நடைபாதைவாசிகள், நாடோடிகள், முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்குத் தனி நடைமுறையை 2021 மே 6-இல் அமைச்சகம் வெளியிட்டது. பாரிமுனை, பிராட்வே நடைபாதைகளில் இரவு தங்குகிறவர்களுக்கு அது தெரியவே இல்லை. 'முதலில் கோவினில் பதிவு பண்ணு, ஓடிபி வரும்' என்று அரசின் தடுப்பூசிப் பதிவு இணையதளத்தைக் காட்டும் பேச்சுதான் காதில் விழுந்தது. முன்பதிவில்லாமல் நேரில் போய்ப் போட்டுக்கொள்ளும் வசதி 18 முதல் 44 வயதுக்காரர்களுக்கு அரசு மையங்களில் மே 24-இல் வந்தது.

பக்கவிளைவு வந்தால்

2021 ஏப்ரல் 15-இல் நடிகர் விவேக் ஓமந்தூரார் மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார். அரசு மருத்துவமனைக்கு மக்கள் பயமில்லாமல் வர வேண்டும் என்றுதான் அங்கே போனார். 17-ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். அந்த வாரம் எங்கள் பக்கத்தில் டீக்கடைக்கு டீக்கடை அதே பேச்சுதான். மரணத்துக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று, ஊசிக்குப் பிறகு வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு சொன்னது அக்டோபரில். நடுவில் ஆறு மாதம். பதில் சரியாகவே இருக்கட்டும், ஆறு மாதம் கழித்து வந்தால் வதந்திதான் ஜெயிக்கும். என் பார்வையில் பாதுகாப்பு பற்றிய பயத்தைவிட இந்தத் தாமதம்தான் அதிகம் கெடுத்தது.

இந்தக் குழு என்ன செய்கிறது? ஊசி போட்ட பிறகு உடம்புக்கு எது வந்தாலும், ஊசியால் வந்ததோ இல்லையோ, அதற்கு 'ஏ.இ.எஃப்.ஐ' என்று பெயர். உயிரிழப்பு, மருத்துவமனையில் சேர்த்தல், ஊனம் என்றால் 'தீவிரம்'. மருத்துவ அலுவலர் படிவம் நிரப்பி மாவட்டத் தடுப்பூசி அலுவலருக்கு அனுப்ப வேண்டும். விசாரணை நடக்கும். பிறகு குழு வகைப்படுத்தும்: மருந்தாலேயே வந்ததா, மருந்தின் தரக்கேட்டாலா, போட்ட விதத்தில் தவறா, ஊசி பயத்தில் வந்த மயக்கமா, தற்செயலா, அல்லது முடிவு சொல்ல முடியாததா. இந்தப் படிவம் நிரம்பாவிட்டால் நீங்கள் சொல்வது எல்லாம் டீக்கடைப் பேச்சாகவே நிற்கும்.

பயம் முழுக்கக் கட்டுக்கதையும் இல்லை. கோவிஷீல்டால் மிக அரிதாக ரத்தம் உறையும் கோளாறு வரலாம். 2021 மேயில் தேசியக் குழு 26 சாத்தியமான நேர்வுகளைக் குறிப்பிட்டது, 10 லட்சம் டோஸுக்கு 0.61. ஊசி போட்ட 20 நாளுக்குள் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கை கால் வீக்கம், தீராத தலைவலி, வயிற்றுவலி வந்தால் உடனே தெரிவிக்கச் சொன்னார்கள். முகாமில் அதை வாயால் சொன்ன மையங்களை விரல் விட்டு எண்ணலாம். "ஜுரம் வரும், இந்தா மாத்திரை" என்பதோடு முடிந்தது. நம் ஆட்களுக்கு அந்த ஒரு நாள் ஜுரமே ஒரு நாள் கூலி.

கோவேக்சின் கதை வேறு. மூன்றாம் கட்டப் பரிசோதனையின் முடிவு வருமுன்பே 2021 ஜனவரியில் 'மருத்துவப் பரிசோதனை முறையில்' அனுமதி தந்தார்கள். அதனால் தொடக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டவர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். தீவிர பாதிப்பு தடுப்பூசியால்தான் என்று நிரூபணமானால் நிறுவனம் இழப்பீடு தரும் என்று அதில் இருந்தது. மார்ச் 11-இல் அந்த நிபந்தனை போனது, படிவமும் போனது.

பிறகு? 2022 நவம்பரில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில், தடுப்பூசி தன் விருப்பத்தின் பேரில் போடப்படுவது, பாதிப்புக்கு அரசு பொறுப்பல்ல, வேண்டுமானால் சிவில் நீதிமன்றம் போகலாம் என்றது. தெருத்தெருவாக 'போட்டுக்கோங்க' என்று மைக்கில் கூப்பிட்டுவிட்டு, ஏதாவது ஆனால் 'நீயாகத்தானே போட்டாய்' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வண்ணாரப்பேட்டையில் ஒரு குடும்பம் சிவில் வழக்கு நடத்துவது எவ்வளவு சாத்தியம் என்று நமக்குத் தெரியும். மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. கொரோனா தடுப்பூசியின் பாதிப்பால் மருத்துவமனையில் சேர்ந்தால் வழக்கமான பாலிசி விதிகளின்படி செலவு கிடைக்கும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 மார்ச்சில் அறிவித்தது.

எங்கே சொல்வது

ஊசி போட்ட நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில். முடியாவிட்டால் ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையில். போகும்போது ஊசி போட்ட தேதி, மருந்தின் பெயர், சான்றிதழில் மருந்தின் பேட்ச் எண் இருந்தால் அதுவும், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். "ஏ.இ.எஃப்.ஐ-யா பதிவு பண்ணுங்க" என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். 'உடம்பு சரியில்ல' என்றால் மாத்திரை மட்டுமே கிடைக்கும். மருந்தின் பக்கவிளைவை நீங்களே நேரடியாகத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் உண்டு. மாநில சுகாதார உதவிக்கு 104, சென்னை மாநகராட்சிக்கு 1913. தனி நபர்களும் தனியார் டாக்டர்களும் இணையத்தில் பதிவு செய்ய வழி வேண்டும், பாதிப்பு அறிக்கைகள் மக்கள் பார்வைக்கு வர வேண்டும் என்று ஜேக்கப் புலியேல் தீர்ப்பே சொல்கிறது. கேட்கும்போது தயங்க வேண்டாம்.

தவறான மெசேஜுக்கு வருகிறேன். போடாத ஊசியைப் போட்டதாகக் காட்டினால் அதை ரத்து செய்யக் கேட்கும் வசதி கோவினில் 2022 ஜனவரியில் வந்தது. மீன் விற்கும் அக்காவின் எண்ணிலிருந்தே விண்ணப்பித்தேன், ஓடிபியை அவர் கத்திக் கத்திப் படித்தார். சில நாளில் அந்தத் தவறான பதிவு நீங்கியது. அடுத்த சனிக்கிழமை முகாமுக்கு வந்து இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டார். அரை மணி நேரம் கண்காணிப்பில் உட்காரச் சொன்னேன். கூடையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"முப்பது நிமிசம் கரெக்டா சொல்லிடு தம்பி. மெசேஜ் வந்துச்சா பாத்துட்டுதான் எழுந்திருப்பேன்."