பத்து சைட்ல இருந்தா பத்து ஆதாரம் ஆயிடுமா?

தகவல் சரிபார்க்கிறதுதான் எனக்கு வேலை. தினமும் வர்றதுல பாதி பழைய சரக்குதான், பார்த்ததும் தெரிஞ்சிடும், பதில் எழுதிட்டு போயிடுவேன். ஆனா போன வாரம் வந்த ஒரு மெயிலைப் படிச்சப்ப நிஜமாவே ஆத்திரம் வந்துச்சு. ஒரு பொண்ணு எழுதியிருந்தாங்க. அவங்க அப்பாவுக்கு ராத்திரி நெஞ்சுவலி, வீட்ல தனியா இருந்திருக்கார், 'தனியா இருக்கும்போது மாரடைப்பு வந்தா பலமா இருமுங்க'னு எங்கயோ படிச்சது ஞாபகம் வந்து, யாருக்கும் போன் பண்ணாம முக்கால் மணி நேரம் இருமிக்கிட்டே உட்கார்ந்திருக்கார். பிழைச்சிட்டார். ஆனா போன நேரம் போனதுதானே.

அவர் படிச்ச பதிவைத் தேடிப் பிடிச்சு, போட்ட நண்பர்கிட்ட கேட்டேன். "சார், நான் எழுதலையே, பகிர்ந்தேன் அவ்வளவுதான். கீழ நன்றி: இணையம்னு போட்டிருக்கேனே. அதுவும் இல்லாம இன்னும் பத்து சைட்ல இதே இருக்கு, அத்தனை பேருமா தப்பா சொல்வாங்க?"ன்னார்.

இந்த பத்து சைட் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு காதே புளிச்சுப் போச்சு. சரி, அந்த பத்தையும் எடுத்து வரிசையா வெச்சுப் பார்த்தேன். பத்துலயும் 'இருமல்' வர்ற ஒரு இடத்துல 'இரும்பல்'னு இருக்கு, பத்துலயும் நாலாவது வரில ஒரு கமா ரெண்டு தடவை இருக்கு. பத்து பேர் தனித்தனியா விசாரிச்சு எழுதியிருந்தா பத்து பேருக்கும் ஒரே எழுத்து எப்படிங்க தப்பும்? ஒருத்தர் தப்பா டைப் பண்ணதை ஒன்பது பேர் படிக்காமக்கூட ஒட்டியிருக்காங்க. ஏட்டுச்சுவடி பதிப்பிச்சவங்க இதே வழியிலதான் எந்த சுவடியைப் பார்த்து எந்த சுவடி எழுதினாங்கன்னு கண்டுபிடிப்பாங்க. பிழை ஒண்ணா இருந்தா மூலமும் ஒண்ணு. ஆக உங்ககிட்ட இருக்கிறது பத்து சாட்சி இல்ல, ஒரே சாட்சியோட பத்து ஜெராக்ஸ். நூறு சைட்ல இருந்தாலும் இதே கணக்குதான்.

'பெரிய பத்திரிகையிலயே வந்திருக்கே'ன்னும் கிளம்பாதீங்க. 2009ல மாரிஸ் ஜார்ங்கிற இசையமைப்பாளர் இறந்தப்ப, டப்ளின்ல ஒரு கல்லூரி மாணவர் சோதனைக்காக, அவர் சொல்லாத ஒரு வாசகத்தை அவர் சொன்ன மாதிரி விக்கிபீடியால சேர்த்தார். விக்கிபீடியா ஆட்கள் ஆதாரம் இல்லன்னு சீக்கிரமே தூக்கிட்டாங்க, ஆனா அதுக்குள்ள கார்டியன் உட்பட பல பத்திரிகைகள் அஞ்சலிக் கட்டுரைல அதைப் போட்டாச்சு, அந்தப் பையனே போய் சொன்னப்புறம்தான் விஷயம் வெளிய வந்துச்சு. இதைவிடக் கூத்து கோவாட்டி கதை. அது ரக்கூன் குடும்பத்து விலங்கு. 2008ல ஒரு அமெரிக்க மாணவர் விளையாட்டா விக்கிபீடியால அதுக்கு 'பிரேசிலியன் ஆர்ட்வார்க்'னு ஒரு பட்டப்பேர் எழுதி வெச்சார். பத்திரிகைங்க அதைப் பார்த்து எழுத, அப்புறம் அந்தப் பத்திரிகையையே ஆதாரம்னு விக்கிபீடியால காட்ட, பொய் ஒரு சுத்து சுத்தி வந்து தனக்குத்தானே சாட்சி சொல்லிடுச்சு. 2014ல நியூயார்க்கர் பத்திரிகை எழுதினப்புறம்தான் பல பேருக்குத் தெரியும்.

இருமல் சமாச்சாரம் முழுப்பொய்கூட இல்ல, அதான் கொடுமை. இதயத்துக்குள்ள டியூப் விட்டுப் பார்க்கிற லேப்ல, மானிட்டர் ஓடிக்கிட்டிருக்கும்போது, துடிப்பு திடீர்னு தாறுமாறா போனா, நினைவு தப்புறதுக்குள்ள டாக்டர் பக்கத்துல நின்னு இருமச் சொன்னா சில நொடி சமாளிக்கலாம்னு 1976ல ஒரு மருத்துவ இதழ்ல வந்துச்சு. 1999 வாக்குல அதுல லேப் போச்சு, மானிட்டர் போச்சு, டாக்டர் போனார், வெறும் 'இருமுங்க' மட்டும் மெயில்ல சுத்த ஆரம்பிச்சது. பொதுமக்கள் இதை செய்யணும்னு நாங்க சொல்லலைன்னு அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் சொல்லியாச்சு. நெஞ்சுவலின்னா ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க, அவ்வளவுதான்.

காப்பி அடிக்கும்போது முதல்ல உதிர்றது இந்த மாதிரி நிபந்தனைங்கதான். 'எலிகளிடம் நடந்த சோதனையில் கட்டி வளர்வது ஓரளவு குறைந்தது'ன்னு ஒருத்தர் எழுதுவார். அடுத்தவர் எலியைத் துரத்திடுவார். அதுக்கடுத்தவர் 'ஓரளவு'ங்கிறதை வெட்டுவார். நாலாவது ஆள் தலைப்பு வைப்பார் பாருங்க, 'புற்றுநோயைக் குணமாக்கும் அதிசய இலை'. நாலு பேர்ல யாருமே பொய் சொல்லணும்னு உட்காரலை, ஆளுக்கு ஒரு வார்த்தைதான் எடுத்தாங்க. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க.

தேதியைத் தயவுசெஞ்சு போடுங்க. 'நேத்து முதல் காணவில்லை'ன்னு ஒரு குழந்தை படம் வருது, எந்த நேத்துன்னு யாருக்கும் தெரியாது, குழந்தை கிடைச்சு பள்ளிக்கூடமே போக ஆரம்பிச்சிருக்கும், இன்னும் அந்த வீட்டுக்கு போன் வந்துக்கிட்டிருக்கும். ரத்தம் தேவைன்னு போடுறதும் அப்படித்தான். நாள், மாசம், வருஷம் மூணும் எழுதுங்க, தேவை முடிஞ்சதும் மேலயே முடிஞ்சதுன்னு போடுங்க.

அப்புறம், முழுசா அள்ளிட்டு வந்து ஒட்டாதீங்க. ரெண்டு வரி எடுங்க, மூலத்துக்கு லிங்க் குடுங்க. மூலத்தை எழுதினவர் நாளைக்குத் தப்பைத் திருத்தினா உங்க காப்பி தானா திருந்தாது. 'நன்றி: இணையம்', 'நன்றி: கூகிள்' எல்லாம் ஆதாரம் இல்லைங்க, தண்ணி எங்க இருந்து வருதுன்னு கேட்டா குழாயைக் காட்டுற மாதிரி. படம்னா ஒரு தடவை ரிவர்ஸ் சர்ச் போட்டுப் பாருங்க, அதாவது அந்தப் படத்தையே குடுத்து இதுக்கு முன்னாடி எங்க வந்திருக்குன்னு தேடுறது, ஒரு நிமிஷ வேலை. மருந்து, அளவு, சிகிச்சைன்னு எதாவது இருந்தா, தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர்கிட்ட காட்டாம போடவே போடாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன். தப்புன்னு தெரிஞ்சா சத்தமில்லாம டெலீட் பண்றதும் வேண்டாம், ஏற்கனவே எடுத்துட்டுப் போனவங்களுக்கு அது எப்படித் தெரியும்? பதிவுக்கு மேலயே, தேதியோட, என்ன தப்புன்னு எழுதுங்க.

நம்ம நண்பர் ரெண்டு நாள் கோபமா இருந்துட்டு, மூணாவது நாள் திருத்தம் போட்டார், அதுவும் மேலயே, கொட்டை எழுத்துல. நல்ல மனுஷன்தான். கீழ 'நன்றி: இணையம்' மட்டும் இன்னும் அப்படியே இருக்கு.